பனிக்காலத்தில் வாடும் மனம்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பி வைக்கிறோம். அன்றிலிருந்து ரொறொன்ரோ மாநகரில் மாலை 5 மணிக்கே வீட்டு விளக்குகளை ஏற்ற வேண்டியிருக்கிறது. டிசம்பர் 21 அளவில் பகற்பொழுது 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடும். ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஆறரை மணித்தியாலக் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அறுபது எழுபது ஆண்டுகள் அந்த வெளிச்சத்தில் வாழ்ந்து பழகிய உடல்கள்தாம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் பிள்ளைகளின் வீடுகளில் இந்த மாதங்களைக் கடத்துகின்றன.

பனிக்காலத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர் குளிரையே பேசுவர். குளிருக்கு மேலங்கி வாங்குகிறோம், வெப்பமூட்டியைக் கூட்டி வைக்கிறோம், காதை மூடும் தொப்பி அணிகிறோம். வெளிச்சக் குறைவுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை இல்லை. ஆயினும் மனத்தின் வாட்டத்துக்குக் குளிரைவிட இருளே பெரிய காரணம். வானம் தெளிந்து வெயில் பளிச்சிடும் ஜனவரி நாளில், குளிர் எவ்வளவு கடுமையாயினும் மனம் சற்று நிமிர்கிறது. குளிர் அவ்வளவு இல்லாத, ஆனால் நாள் முழுதும் சாம்பல் நிறமாக மூடிக்கிடக்கும் நவம்பர் நாளில் அது தளர்கிறது. முதியோர் மருத்துவப் பிரிவில் நாங்கள் ஆண்டுதோறும் காணும் நிலை இது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் கிடைத்து நீண்ட காலம் ஆகவில்லை. தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்து வளர்ந்த நோர்மன் ரோசந்தால் என்னும் மனநல மருத்துவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின், நியூயோர்க்கின் பனிக்காலங்களில் தம்முடைய ஊக்கம் குன்றுவதையும் இளவேனிலில் அது திரும்புவதையும் கவனித்தார். அவரும் அவருடைய குழுவினரும் 1984ஆம் ஆண்டு இந்நோயை விவரித்து, பருவகால மனச்சோர்வு என்ற பொருளில் பெயரிட்டனர். வெப்பமான ஊரிலிருந்து வந்த ஒரு குடியேறியின் கண்ணுக்கு இது முதலில் தெளிவாகத் தெரிந்தது வியப்புக்குரியதன்று. கனடாவில் நூற்றுக்கு 2 முதல் 3 பேருக்கு இது முழு நோயாகவே வருகிறது. நூற்றுக்கு 15 பேர் அளவில் இதன் இலேசான வடிவத்தை உணர்கின்றனர்.

உடலினுள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்வதாயின், நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்றல்லாமல், வெளிச்சம் எவ்வளவு உள்ளது என்பதை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே சில கலங்கள் உள்ளன. காலை வெளிச்சம் அவற்றின் மேல் விழும்போது மூளையிலுள்ள உடற்கடிகாரம் 'பொழுது விடிந்தது' என்று அறிந்து, உறக்கத்துக்குரிய மெலற்றோனின் சுரப்பதை நிறுத்துகிறது. விடியல் பிந்தும் மாதங்களில், விடிந்தபின்னும் வெளிச்சத்தைக் காணாதவர்களுக்கு அந்தக் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. உடல் எழுந்து நடமாடினாலும் உள்ளே இன்னும் இரவுதான். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சள் பூத்துப்போவதால் உள்ளே செல்லும் வெளிச்சம் மேலும் குறைகிறது. பேரப்பிள்ளைக்குப் போதுமான வெளிச்சம் அம்மம்மாவுக்குப் போதாது.

அறிகுறிகளும் வழமையான மனச்சோர்விலிருந்து சற்று வேறுபடுவதுண்டு. உறக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். பசி கெடுவதற்குப் பதிலாகப் பாண், சோறு, இனிப்பு என்று மாப்பொருளில் நாட்டம் மிகும். எடை கூடும். கையும் காலும் ஈயத்தால் செய்தவைபோற் கனக்கும். இவற்றுள் எதையும் மனநோய் என்று எவரும் எண்ணுவதில்லை. சோம்பல் என்றோ வயது என்றோ கணக்கில் எழுதிவிடுகின்றனர்.

நம்மவரிடம் இது எப்படித் தோன்றுகிறது

எங்கள் சிகிச்சையகத்துக்கு வரும் தமிழ் முதியோர் 'மனம் சரியில்லை' என்று சொல்லி வருவது அரிது. 'உடம்பு உளையுது', 'தலை பாரமாக் கிடக்கு', 'நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்ச மாதிரி' என்றுதான் சொல்கின்றனர். 'எந்த நேரமும் ஒரே யோசனை' என்ற சொல்லையும் அடிக்கடி கேட்கிறோம். இந்த 'யோசனை' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் நேராக மொழிபெயர்த்தால் ஏதோ சிந்தித்துக்கொண்டிருப்பதாகத்தான் வைத்தியர் விளங்கிக்கொள்வார். அது கவலையும் தனிமையும் மனச்சோர்வும் சேர்ந்த சொல் என்பதைத் துணைக்கு வரும் பிள்ளைகள் எடுத்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும். உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே கேளுங்கள். பெற்றோரின் மனத்துயரைப் பிள்ளைகளின் வாயால் கேட்பதைவிட அவர்களுடைய வாயாலேயே கேட்பது நன்று. சிலவற்றைப் பிள்ளைகளின் முன்னிலையில் அவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு முதியவரின் பனிக்கால நாளை எண்ணிப்பாருங்கள். பிள்ளைகள் 7 மணிக்கு வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுகின்றனர். வீட்டில் குளிர் புகாதிருக்க யன்னல் திரைகள் மூடியே கிடக்கின்றன. பல வீடுகளில் பெற்றோரின் அறை நிலக்கீழ்த் தளத்தில் உள்ளது. அங்கே கூரையை ஒட்டிய சிறு யன்னலையும் பனி மூடிவிடும். வெளியே போனால் வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், 'நீங்கள் ஒரு இடமும் போகாதேங்கோ' என்று அன்போடு சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகள் போகின்றனர். காலை உணவுக்குப் பின் கண்ணயர்வு, பிற்பகலில் மீண்டும் கண்ணயர்வு, இரவில் தொலைக்காட்சித் தொடர், அதன்பின் நடுநிசிவரை உறக்கமின்மை. மறுநாள் எழும்பப் பிந்துகிறது. கிடைத்திருக்கக்கூடிய சிறிதளவு காலை வெளிச்சமும் இவ்வாறு கைநழுவுகிறது. இந்த நாளில் தீய செயல் எதுவுமில்லை. எல்லாம் பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்டவை. ஆயினும் இப்படி நான்கு மாதங்கள் கழிந்தால் எந்த மனமும் வாடும்.

காலையை ஒழுங்கு செய்தல்

எனவே எங்கள் முதல் ஆலோசனை மருந்துச் சீட்டில் எழுதப்படுவதன்று. எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். எழுந்தவுடன் திரைகளை முழுவதும் விலக்குங்கள். தேநீர் அருந்தும் கதிரையை வீட்டிலேயே வெளிச்சம் மிகுந்த யன்னலின் அருகே இடுங்கள். நிலக்கீழ் அறையில் உறங்குபவராயின் காலை உணவுக்கு மேல்தளத்துக்கு வரட்டும். உணவைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். மாமியாருக்குப் படியேறும் சிரமம் வேண்டாம் என்று மருமகள் எடுக்கும் அந்தக் கரிசனையே அவரை வெளிச்சத்திலிருந்து விலக்கி வைக்கிறது என்பதைப் பல குடும்பங்களில் விளக்க வேண்டியிருந்திருக்கிறது. உண்மையாகவே படியேற முடியாதவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்களுக்குக் கீழே சொல்லப்படும் விளக்கு உதவும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகில் அளப்பர். இரவில் நாம் ஏற்றும் வீட்டு விளக்குகள் தருவது பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் வரையே. மேகம் மூடிய பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண்ணுக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை, ஏனெனில் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உடற்கடிகாரத்துக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் அரை மணி நேரம் வெளியே நடப்பது, வெயில் இல்லாத நாளிலும், வீணாகாது.

வெளியே போக இயலாதவர்களுக்கும் முழு நோயாக வருபவர்களுக்கும் இதற்கென்றே செய்யப்பட்ட 10,000 லக்ஸ் விளக்குகள் உள்ளன. எழுந்த ஒரு மணித்தியாலத்துக்குள், விளக்கின் உற்பத்தியாளர் குறிப்பிட்ட தூரத்தில் வைத்து, 20 முதல் 30 நிமிடம் அதன் முன் அமர வேண்டும். விளக்கை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. கண் திறந்திருந்தால் போதும். செய்தித்தாள் வாசிக்கலாம், காய்கறி நறுக்கலாம், தேவாரம் படிக்கலாம். பலருக்கு ஓரிரு வாரங்களில் வேறுபாடு தெரியத் தொடங்கும். மாலையிலோ இரவிலோ பயன்படுத்தினால் உறக்கம் கெடும். கனடாவின் நான்கு நிலையங்களில் 96 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், காலை விளக்குச் சிகிச்சையும் புளுஒக்ஸெற்றின் என்னும் மாத்திரையும் ஒரே அளவு பயன் தந்தன. ஆகவே இதனை வீட்டு வைத்தியம் என்று இகழ்வதற்கில்லை.

அதே காரணத்தால் இதனை விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளலாகாது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், வயதினால் விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்தவர்கள், வேறு கண்நோய் உள்ளவர்கள் முதலில் கண் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலாக உள்ளது என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம். சில மருந்துகள் வெளிச்சத்தால் தோலும் கண்ணும் எளிதில் பாதிப்படையச் செய்பவை; உங்கள் மருந்துப் பட்டியலை மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். ஒருகாலத்தில் மிகையான உற்சாகமும் மறுகாலத்தில் சோர்வுமாக மாறிவரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த விளக்கு உற்சாக நிலையைத் தூண்டிவிடக்கூடும். ஆதலால் அவர்கள் தங்கள் வைத்தியரின் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தலாகாது. வாங்கும்போது புற ஊதாக் கதிர்களை வடிகட்டும் விளக்குதானா என்று பாருங்கள். உடனே பணம் செலவிட விரும்பாதவர்கள் ரொறொன்ரோ பொது நூலகத்தைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாம். சில கிளைகளில் வாசகர் அமர்ந்து பயன்படுத்த இவ்விளக்குகளை வைத்திருக்கின்றனர்.

நடையைப் பற்றி ஒரு சொல். விழுந்துவிடுவோம் என்ற அச்சம் நியாயமானது. இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். ஆனால் நான்கு மாதம் கதிரையிலேயே இருந்தவரின் தொடைத் தசைகள் மெலிந்து, ஏப்ரலில் காய்ந்த நடைபாதையிலேயே அவர் விழுகிறார். சப்பாத்தின் அடியில் மாட்டும் உலோகப் பிடிகள் மலிவானவை, வீட்டினுள் வரும்போது கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். ரொறொன்ரோவிலுள்ள மறுவாழ்வு ஆய்வுநிலையம் ஒன்று பனிக்காலச் சப்பாத்துகளைப் பனிக்கட்டித் தளத்தில் சோதித்து மதிப்பீடு வெளியிடுகிறது. வாங்குமுன் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். கடும் பனிநாளில் பெரிய வணிக வளாகங்களுக்குள் நடக்கலாம். காலையில் அங்கே முதியோர் கூட்டமாக நடப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கு வெளிச்சம் குறைவாயினும் கால்கள் அசைகின்றன, நான்கு பேரைக் காண முடிகிறது. இதயநோய் உள்ளவர்கள் பனி அள்ளுவதை இளையோரிடம் விட்டுவிடுங்கள். குளிரில் திடீரெனச் செய்யும் அந்தக் கடும் வேலை மாரடைப்பை வருவிக்கக்கூடியது.

'மனம் வந்தால் போவேன்' என்று பலர் சொல்கின்றனர். மனச்சோர்வில் அந்த மனம் தானாக வருவதில்லை. முதலில் கால் போக வேண்டும், மனம் பின்னால் வரும். ஆகையால் செய்யப்போவதை விருப்பத்திடம் விடாமல் நாட்காட்டியில் எழுதுங்கள். செவ்வாய் முதியோர் சங்கம், வெள்ளி கோவில், சனி பேரப்பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தல் என்று குறித்துவிட்டால், அன்று காலை போவதா வேண்டாமா என்ற விவாதம் எழாது. ரி.ரி.சி. பேருந்தில் ஏறி இறங்க முடியாதவர்கள் வீல்-ட்ரான்ஸ் சேவைக்கு விண்ணப்பிக்கலாம்.

உணவையும் விற்றமினையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இனிப்பு நாட்டம் மிகும் மாதங்களில் நீரிழிவுக் கணக்கும் ஏறும். காலையில் புரதம் சேர்த்த உணவு அந்த நாட்டத்தைச் சற்றுத் தணிக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை இந்நாட்டுச் சூரிய ஒளியில் நம் தோல் போதிய விற்றமின் டி செய்யாது, கருமையான தோலுக்கு இன்னும் கடினம். யன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலாலும், மேலே சொன்ன விளக்காலும் அது கிடைக்காது. 50 வயதுக்கு மேற்பட்டோர் நாளொன்றுக்கு 400 அலகு விற்றமின் டி எடுக்க வேண்டுமென்பது கனடாவின் அரச பரிந்துரை. எலும்புக்கு அது வேண்டும். மனச்சோர்வு அதனால் தீரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

விளக்கால் தீராத துயரங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு அந்த நாள் ஆண்டின் மிக இருண்ட வாரத்திலேயே வருகிறது. போரில் இழந்தவர்களை நினைக்கும் நாள்களும் பலருக்கு இம்மாதங்களில்தான். அத்தகைய நாளில் முதியவர் ஒருவர் உண்ணாமல் அமர்ந்திருந்தால், அவரைச் சிரிக்கவைக்க முயல வேண்டாம். அருகில் அமர்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள். பெயரைச் சொன்னால் துக்கம் கூடும் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. சொல்லாத வீடுகளில் அது குறைந்ததை நாங்கள் கண்டதில்லை.

எப்போது வைத்தியரிடம் வர வேண்டும்

சோர்வோ எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வார். தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, குருதிச்சோகை, விற்றமின் பி12 குறைவு ஆகியவை மனச்சோர்வுபோலவே வேடமிடும். மரக்கறி உணவு மட்டும் உண்பவர்களிடமும் மெற்போமின் மாத்திரை நெடுங்காலம் எடுப்பவர்களிடமும் பி12 குறைவதுண்டு. குறட்டையும் பகல் உறக்கமும் சேர்ந்திருந்தால் அதனையும் சொல்லுங்கள், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம்.

மாத்திரை தரப்பட்டால், 'விசர் மருந்து' என்று அதனை அலுமாரியில் வைத்துவிட வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைக்கு அடிமைப்படுத்துபவை அல்ல. முழுப் பயன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம், முதல் வாரத்தில் வயிற்றுக் குமட்டல் இருக்கலாம், அதற்காக நிறுத்திவிடாமல் எங்களை அழையுங்கள். இளவேனில் வந்ததும் தாமாகவே திடீரென நிறுத்துவோரும் உளர், அதுவும் தவறு. கடைகளில் விற்கும் 'சென்ற் ஜோன்ஸ் வோர்ட்' என்னும் மூலிகை மாத்திரை, இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் வார்பரின் முதலிய பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். மூலிகைதானே என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை விரும்பாதவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. பருவகால மனச்சோர்வில் அதன் பயன் அடுத்தடுத்த பனிக்காலங்களிலும் தொடர்வதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்ராறியோவில் கட்டணமின்றி இதனைப் பெற வழி உண்டு, குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

பராமரிப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பும் நீங்களும் இதே பனிக்காலத்தில்தான் வாழ்கிறீர்கள். பெற்றோருக்கு மருந்து எடுத்துக்கொடுத்து, பிள்ளைகளுக்குச் சமைத்து, நள்ளிரவில் படுக்கும் மகளோ மருமகளோ எரிந்து விழுவதும் அழுவதும் குணக்கேடு அன்று. மேலே கூறிய யாவும் உங்களுக்கும் பொருந்தும். மதிய இடைவேளையில் 15 நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். களைப்புத் தீர மாலையில் மது அருந்தும் ஆண்களும் உள்ளனர். அது உறக்கத்தைக் கெடுத்து, மறுநாளின் சோர்வைக் கூட்டும்.

'இருந்து என்ன பயன்', 'உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன்', 'கடவுள் என்னை எடுத்தால் நல்லது' என்ற சொற்களை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று கடந்துபோகாதீர்கள். 'உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீங்களா அம்மா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்டபின் பலர் ஆறுதலே அடைகின்றனர். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 988 என்ற எண்ணை இரவுபகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அங்கே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவர் என்பதால் பெற்றோருக்காகப் பிள்ளைகள் அழைக்கலாம். அவசரமில்லாத கேள்விகளுக்கு ஒன்ராறியோவில் 811ஐ அழைத்தால் தாதியர் ஒருவரோடு பேசலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.

தைப்பொங்கலன்று முற்றத்தில் கோலமிட முடியாமல் சமையலறை அடுப்பிலேயே பால் பொங்கவைக்கும் வீடுகளில், அதற்குள் பகல் 20 நிமிடத்துக்கு மேல் நீண்டிருக்கும். பிப்ரவரி இறுதியில் அது 11 மணித்தியாலத்தை எட்டும். விளக்குப் பயன்படுத்துவோர் ஏப்ரல் வரை தொடர்ந்து, பின்னர் வைத்தியரிடம் கேட்டு நிறுத்தலாம். ஆண்டுதோறும் சோர்வு வருபவர்கள் அடுத்த முறை நவம்பர்வரை காத்திராமல் செப்டம்பரிலேயே சந்திப்புக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் எழுதி வைத்தால் மறதி வராது.